டியூட்டி முடிந்து ஏறும் வான்: விமானப் பணியாளர் ஆசனப்பட்டி அணிவதற்கான முழு வழிகாட்டி

பதினொரு வருடம் விமானத்தில் வேலை செய்தேன். ஒரு நாளில் சில நூறு பேரின் மடியைக் குனிந்து பார்ப்பது என் வேலை. பெல்ற் பூட்டியிருக்கிறதா, தளர்வாகக் கிடக்கிறதா, போர்வைக்குள் மறைந்திருக்கிறதா என்று ஒவ்வொரு வரிசையாகப் பார்ப்பேன். யாராவது முகத்தைச் சுளித்தாலும் அவர் பூட்டும்வரை நகரமாட்டேன். பிறகு விமானம் இறங்கும், வெளியே அலுவலக வான் காத்து நிற்கும். ஏறுவோம், சப்பாத்தைக் கழற்றுவோம், கண்ணை மூடுவோம். அந்த வானில் பின்னால் இருந்து பெல்ற் போட்ட ஒருவரையும் முதல் ஆறு வருடத்தில் நான் காணவில்லை. நானும் போட்டதில்லை.

ஏழாம் வருடம், லீவில் ஊருக்கு வரும்போதுதான் அது நடந்தது. வடக்கைச் சேர்ந்த மூன்று பேர் சேர்ந்து ஒரு வான் பிடித்து வந்தோம். மாங்குளம் நெருங்கும்போது விடிய மூன்று மணி இருக்கும். றோட்டு நடுவில் மாடுகள் படுத்திருந்தன. சாரதி அண்ணை நல்ல நிதானமானவர், நேரத்துக்குப் பிறேக் அடித்துவிட்டார். வான் எதிலும் மோதவில்லை. மாட்டுக்கும் ஒன்றுமில்லை. ஆனால் பின் சீற்றில் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்த என் தோழி உருண்டு முன் சீற்றின் இரும்புக் காலில் போய் அடிபட்டாள். காறை எலும்பு முறிந்தது. நான்கு மாதம் அவளால் பறக்க முடியவில்லை. பயணிகளுக்குப் பெல்ற் சொல்லிக்கொடுக்கும் கை, மேலே தூக்க முடியாமல் கட்டுப்போட்டுக் கிடந்தது.

இப்போது நான் கோண்டாவிலில் இருக்கிறேன். பலாலி 2019 ஒக்டோபரில் யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்ட பிறகு, எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு விமான வேலையில் ஆசை கூடியிருக்கிறது. சிலர் பலாலியிலேயே தரைப் பணியில் சேருகிறார்கள், சிலர் கொழும்புப் பக்கம் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கோ வெளிநாட்டுக்கோ போகிறார்கள். நேர்முகத் தேர்வுக்கு என்ன உடுப்பது, என்ன கேட்பார்கள் என்று என்னிடம் வந்து கேட்பார்கள். அதைச் சொல்லிவிட்டு, வேலை கிடைத்த பிறகு ஏறப்போகும் வானைப் பற்றியும் சொல்வேன். வாயால் சொல்லி வந்ததைத்தான் இங்கே ஒழுங்காக எழுதியிருக்கிறேன்.

முதலில் கணக்கைப் பாருங்கள்

வான் மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும்போது நீங்களும் அதே 60இல்தான் ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். வான் ஒரு மரத்தில் மோதி நின்றாலும் உங்கள் உடம்பு நிற்காது. முன்னால் எது இருக்கிறதோ அதில் முட்டும்வரை அதே வேகத்தில் போகும். அந்த முட்டு எவ்வளவு பலமானது என்பதை எங்கள் ஊர் அளவில் சொல்கிறேன். 60இல் முட்டுவது 14 மீற்றர் உயரத்திலிருந்து கீழே விழுவதற்குச் சமம். அது நாற்பத்தைந்து அடிக்கு மேல், ஒரு நல்ல பனையின் உயரம். வேகம் 70 என்றால் 19 மீற்றர். பனை உச்சியிலிருந்து விழுபவர் கையை ஊன்றித் தப்பிப்பார் என்று நாங்கள் யாரும் நம்புவதில்லை. வானில் மட்டும் முன் சீற்றைக் கையால் பிடித்துச் சமாளிக்கலாம் என்று நம்புகிறோம்.

கை ஏன் போதாது? 50 கிலோமீற்றர் வேகத்தில் வந்த உடம்பு அரை மீற்றர் தூரத்துக்குள் நிற்க வேண்டுமானால், உடம்பின் எடையைப்போல் இருபது மடங்கு விசை தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 1200 கிலோ பாரம். இடுப்பெலும்பும் மார்புக்கூடும் அதைப் பட்டியின் அகலத்தில் பரப்பி வாங்கிக்கொள்ளும். மணிக்கட்டால் முடியாது.

பின் சீற்றில் இருப்பவர் பெல்ற் போடாவிட்டால் அவரோடு ஆபத்து முடிந்துவிடாது. அவர் எறியப்படும்போது, பெல்ற் போட்டு ஒழுங்காக முன்னால் இருந்தவரின் முதுகில்தான் போய் விழுவார். 2022 செப்டெம்பரில் இந்தியத் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி இறந்த விபத்தைப் பலர் செய்தியில் பார்த்திருப்பீர்கள். மிக விலை கூடிய, பாதுகாப்பான கார் அது. முன்னால் இருந்த இருவரும் பலத்த காயங்களோடு உயிர் தப்பினார்கள். பின்னால் பெல்ற் போடாமல் இருந்த இருவரும் தப்பவில்லை. வாகனம் எவ்வளவு நல்லதென்றாலும் அதற்குள் ஆள் கட்டப்படாமல் இருந்தால் அந்த நல்ல தன்மை அவருக்கு உதவாது.

இன்னொரு விஷயம் எங்கள் தொழிலோடு சேர்ந்தது. இன்று கார்களில் இருக்கும் தோளும் இடுப்பும் சேர்ந்த மும்முனைப் பட்டியை 1959இல் வொல்வோ நிறுவனத்துக்காக உருவாக்கிய நில்ஸ் போலின், அதற்கு முன் விமானத் துறையில் இருந்தவர். சாப் நிறுவனத்தில் போர் விமானிகளை வெளியே தூக்கி எறியும் ஆசனங்களை வடிவமைத்தவர். மனித உடம்பு எவ்வளவு விசையைத் தாங்கும், எந்த இடத்தில் தாங்கும் என்று அங்கே கற்றதைத்தான் றோட்டுக்குக் கொண்டுவந்தார். பிறகு அந்த வடிவத்தை மற்ற நிறுவனங்களும் பயன்படுத்த வொல்வோ திறந்துவிட்டது. பெல்ற் அணிவது வாகனத்தில் செல்பவர் இறக்கும் ஆபத்தைப் பாதியளவு வரை குறைக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

வான் பேசும்போதே கேட்க வேண்டியது

பெல்ற் விஷயம் வானில் ஏறிய பிறகு தொடங்குவதில்லை. வானை ஒழுங்கு செய்யும் தொலைபேசி அழைப்பில் தொடங்குகிறது.

ஊரில் ஹயஸ் என்றும் கேடிஎச் என்றும் சொல்லும் வான்களில் சாரதிக்கும் முன் சீற்றுக்கும் பெல்ற் நிச்சயம் இருக்கும், ஏனென்றால் அந்த இரண்டுக்கும் 2011 முதல் சட்டம் இருக்கிறது, பொலிஸ் மறிப்பார்கள். 2025இல் அதிவேகப் பாதையில் எல்லா ஆசனத்துக்கும் பெல்ற் என்று அறிவிப்பு வந்தது. ஆனால் யாழ்ப்பாணம் போகும் ஏ9 வீதியில் ஓடும் வானின் பின் வரிசைகள் இன்னும் பழைய நிலையில்தான். பெல்ற் இருக்கும், ஆனால் புது சீற் கவருக்கு அடியில் புதைந்து கிடக்கும். அல்லது கால் மிதியின் கீழே சுருண்டு கிடக்கும். சில வான்களில் இடைஞ்சல் என்று கழற்றியே விட்டிருப்பார்கள்.

அதனால் கேள்வியைத் தெளிவாகக் கேளுங்கள். "அண்ணை, ஏழு பேர் வாறம். ஏழு சீற்றுக்கும் பெல்ற் வேலை செய்யுமோ?" என்று கேட்டால், பெரும்பாலான சாரதிமார் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். வெறுமனே "பெல்ற் இருக்கோ" என்று கேட்டால் இருக்கு என்றுதான் வரும். முடியுமானால் ஒவ்வொரு வரிசையையும் ஒரு படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். கவரை விலக்கிப் பூட்டை வெளியே எடுத்துவைக்க அவருக்கும் ஒரு நாள் கிடைக்கும்.

ஆட்களின் எண்ணிக்கை சீற்றின் எண்ணிக்கையைப் பார்த்து இருக்கக்கூடாது, வேலை செய்யும் பெல்ற்றின் எண்ணிக்கையைப் பார்த்து இருக்கவேண்டும். நடைபாதையில் விரிக்கும் மடக்கு சீற்றுகளில் பெரும்பாலும் பெல்ற் இருப்பதில்லை. பதினாலு சீற் என்று சொன்ன வானில் பத்துப் பேருக்குத்தான் பெல்ற் என்றால், அது உங்களுக்குப் பத்துச் சீற் வான். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நிறுவனமே வான் அனுப்பினால் நீங்கள் தெரிவு செய்ய முடியாது என்பது உண்மை. ஆனால் முறையிடலாம். விமானத்தில் ஒரு சீற்றின் பெல்ற் பழுதென்றால் பதிவேட்டில் எழுதி அந்தச் சீற்றை மூடிவிடுகிறோம். அதே பழக்கத்தில் வானின் இலக்கம், எந்த வரிசை, எந்தச் சீற், என்ன பழுது என்று நான்கு வரி எழுதிப் போக்குவரத்துப் பொறுப்பாளருக்கு அனுப்புங்கள். வாயால் சொன்னது அன்றிரவே மறந்துபோகும். எழுத்தில் போனதற்கு யாராவது பதில் எழுதத்தான் வேண்டும்.

ஏறியவுடன் பட்டியைச் சோதித்தல்

இதற்கு அரை நிமிடம் போதும். பட்டியை மெதுவாக முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள். ஓரம் நார் நாராகப் பிரிந்திருக்கிறதா, பிளேட் வெட்டுப்போல் கீறல் இருக்கிறதா, சிகரெட் சுட்ட ஓட்டை இருக்கிறதா, வெயிலில் வெளிறி மொரமொரவென்று ஆகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். முறுக்கு இருந்தால் எடுத்துவிடுங்கள். முறுக்கிய பட்டி கயிறு மாதிரி, ஒரு கோட்டில் அறுக்கும்.

பிறகு வெடுக்கென்று ஒரு இழுப்பு. பெரும்பாலான தோள்பட்டிகள் அந்த இழுப்பில் பூட்டிக்கொள்ளும், மேலே வராது. மெதுவாக இழுத்தால் வரவேண்டும், வேகமாக இழுத்தால் நிற்கவேண்டும், விட்டால் தானாக உள்ளே சுருளவேண்டும். சுருளாமல் தொங்கினால் உள்ளே தூசி அடைத்திருக்கும், அல்லது சுருள்வில் போய்விட்டிருக்கும்.

கடைசியாக உலோக நாக்கைப் பூட்டில் செருகி, 'கிளிக்' என்ற சத்தம் கேட்ட பிறகு ஒரு தரம் இழுத்துப் பாருங்கள். எங்கள் பக்கத்து மணலும் புழுதியும் பூட்டுக்குள் இறங்கிவிடும். பாதி மட்டும் செருகியது பூட்டியது போலத் தெரியும், அடி விழும்போது கழன்றுவிடும். சிவப்புப் பொத்தானை அமத்தி ஒரு தரம் கழற்றியும் பாருங்கள். இது விமானப் பணியாளருக்கு மிகவும் அவசியம். விமானத்தின் பயணிகள் பெல்ற்றை மூடியைத் தூக்கித் திறப்போம், வானில் அமத்தித் திறக்கவேண்டும். பதற்றத்தில் கை பழகியதைத்தான் செய்யும். ஒவ்வொரு வான் பயணத்திலும் ஒரு தரம் பூட்டித் திறந்தால் இரண்டும் கைக்குப் பழகும்.

பல பழைய வான்களில் பின் வரிசைக்கு இடுப்புப் பட்டி மட்டுமே இருக்கும். தோள்பட்டி இல்லை என்று அதை ஒதுக்கவேண்டாம். வாகனத்துக்கு வெளியே எறியப்படாமல் அது உங்களைக் காக்கும். தோள்பட்டி உள்ள சீற் காலியாக இருந்தால் அதற்குத்தான் முதலிடம்.

சீருடையோடு எப்படிப் போடுவது

பெல்ற் போடாததற்குப் பெண் பணியாளர் சொல்லும் முதல் காரணம் சேலை கசங்கும் என்பது. அது சின்னக் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். டியூட்டிக்குப் போகும் வழியில் கசங்கினால் அங்கே ஏச்சு விழும். ஆனால் சரியாகப் போட்டால் கசங்காது. அமர்ந்ததும் பின்புறம் சீற்றின் முதுகோடு ஒட்டும்வரை நகர்ந்து இருங்கள். கொய்யகத்தை முழங்கால் பக்கம் இழுத்து நீவிவிடுங்கள். இடுப்புப் பட்டி வயிற்றில் கிடக்கக்கூடாது. தொடை தொடங்கும் இடத்தில், இடுப்பெலும்பின் இரண்டு மேடுகளையும் தொட்டுக்கொண்டு தாழ்வாக இருக்கவேண்டும். அங்கே போட்டால் கொய்யகத்தின் செருகல் பட்டிக்கு மேலே தப்பிவிடும். தலைப்பை மடியில் மடித்து வையுங்கள், பட்டிக்குக் கீழே பந்தாகத் திரளவிடாதீர்கள்.

வயிற்றில் போட்டால் என்ன? அடி விழும்போது உடம்பு பட்டிக்குக் கீழால் வழுக்கிக்கொண்டு முன்னே போகும், பட்டி மெத்தென்ற வயிற்றில் ஏறி ஈரலையும் குடலையும் நசுக்கும். எலும்பு தாங்கவேண்டிய பாரத்தைக் குடல் தாங்கமுடியாது. கர்ப்பிணிகளும் இதே விதிப்படி, வயிற்றுக்குக் கீழே இடுப்புப் பட்டியையும், மார்புகளுக்கு நடுவாக வயிற்றின் பக்கவாட்டில் தோள்பட்டியையும் போடவேண்டும். கர்ப்பம் என்று போடாமல் விடுவதுதான் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து.

தோள்பட்டி கழுத்துக்கும் தோள்முனைக்கும் நடுவில், மார்பெலும்பின் மேலாகச் சரிந்து இறங்கவேண்டும். கழுத்தை உரசுகிறது என்று சிலர் அதை அக்குளுக்குக் கீழே விடுகிறார்கள், சிலர் முதுகுக்குப் பின்னால் போடுகிறார்கள். அக்குளுக்குக் கீழே போன பட்டி விலா எலும்புகளை உள்ளே உடைத்துத் தள்ளும். உரசினால் கழுத்துத் துணியை நடுவில் வையுங்கள், அல்லது சீற்றை மாற்றுங்கள்.

பெயர்ப்பட்டி, இறக்கைச் சின்னம், சட்டைப்பையில் இருக்கும் பேனா, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை, இவை எல்லாம் தோள்பட்டி இறங்கும் வழியில் இருப்பவை. விசை வரும்போது பட்டி இவற்றை மார்புக்குள் அழுத்தும். ஏறியதும் கழற்றிக் கைப்பைக்குள் போடுங்கள். கொண்டையையும் கவனியுங்கள். உயரமாக, பின்னால் இறுக்கிக் கட்டிய கொண்டை தலையைத் தலைதாங்கியிலிருந்து முன்னே தள்ளும். பின்னாலிருந்து ஒரு வாகனம் இடித்தால் கழுத்து வெடுக்கென்று பின்னால் போகும். டியூட்டி முடிந்து வருகிறீர்கள் என்றால் அவிழ்த்துவிடுங்கள், தலைக்கும் ஆறுதல்.

பைகளும் அம்மா கட்டித் தந்த பெட்டியும்

ஊரிலிருந்து திரும்பும் வானில் எங்கள் பிள்ளைகளின் சாமானைப் பார்த்தால் தெரியும். கறுத்தக்கொழும்பான் காலமென்றால் மாம்பழப் பெட்டி, இல்லாவிட்டால் மிளகாய்த்தூள் ரின், நல்லெண்ணெய்ப் போத்தல், ஒடியல், பனாட்டு, கூடவே சக்கரப் பெட்டி. இவற்றைப் பின் சீற்றின் மேலேயும் சாய்மானத்துக்குப் பின்னால் உள்ள தட்டிலும் அடுக்கிவிடுகிறோம். முன்பு சொன்ன இருபது மடங்குக் கணக்கு இவற்றுக்கும் பொருந்தும். 10 கிலோப் பை அந்த நொடியில் 200 கிலோவாக வந்து பிடரியில் அடிக்கும்.

விமானத்தில் மேற்தட்டு மூடாமல் புறப்படுவதில்லை, நடைபாதையில் பை வைக்க விடுவதில்லை. அதையே இங்கும் செய்யுங்கள். பாரமானது தரையில், கடைசிச் சீற்றின் முதுகோடு ஒட்டி. போத்தல்கள் நிமிர்த்திப் பெட்டிக்குள். ஆள் இல்லாத சீற்றில் பை வைத்தால் அந்தச் சீற்றின் பெல்ற்றைப் பைக்கு மேலால் போட்டுப் பூட்டுங்கள். கதவடியிலும் கால் வழியிலும் ஒன்றும் வேண்டாம்.

யார் கேட்பது

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுங்கள். வானில் பெல்ற் போடாமல் விடுவது அறியாமையால் இல்லை. எங்களைப் போல் பெல்ற்றைப் பற்றி அறிந்தவர் வேறு யார்? கேட்க ஆளில்லாததால்தான் விடுகிறோம். விமானத்தில் பயணிகள் பூட்டுவது நாங்கள் பக்கத்தில் வந்து நிற்பதால். வானில் எங்கள் பக்கத்தில் வந்து நிற்க யாரும் இல்லை.

அதனால் அந்த ஆளை நியமியுங்கள். அன்றைய குழுவில் மூத்தவர் கடைசியாக ஏறட்டும். கதவை இழுத்துச் சாத்துமுன் பின் வரிசையிலிருந்து முன்னுக்கு ஒவ்வொரு மடியையும் பார்க்கட்டும். தானும் பூட்டிய பிறகு சாரதியிடம், "அண்ணை, எல்லாரும் போட்டாச்சு, எடுங்கோ" என்று சொல்லட்டும். அந்தச் சொல் வரும்வரை வான் எடுக்கக்கூடாது என்று சாரதியோடும் முதலே பேசிவையுங்கள். விமானத்தில் கபின் தயார் என்ற சொல் போகாமல் விமானி ஓடுபாதையில் ஏறுவதில்லை. அதே ஒழுங்குதான் இது. எங்கள் தமிழில் ஆகாயத்துக்கும் இந்த வாகனத்துக்கும் வான் என்ற ஒரே பெயர் அமைந்திருப்பதை நான் அடிக்கடி நினைப்பேன்.

மூத்தவரே போடாவிட்டால் புதிதாய் வந்த தங்கச்சி எப்படிச் சொல்வாள்? எனக்கும் அந்தப் பயம் இருந்தது. சொல்லவேண்டிய தேவையே இல்லாமல் ஒரு வழி இருக்கிறது. உங்களுடையதைச் சத்தமாக 'கிளிக்' என்று பூட்டுங்கள். பிறகு பக்கத்தில் இருப்பவரின் பூட்டைக் கவருக்குள்ளிருந்து தோண்டி எடுத்து, "அக்கா, இந்தாங்கோ உங்கட பெல்ற்" என்று கையில் கொடுங்கள். கையில் வந்ததை யாரும் திரும்ப எறிவதில்லை. தோழியின் காறை எலும்பு முறிந்த பிறகு நான் இப்படித்தான் தொடங்கினேன். மூன்று மாதத்தில் எங்கள் வானில் பாதிப் பேர் தாங்களாகவே தேடத் தொடங்கிவிட்டார்கள்.

கட்டுநாயக்காவிலிருந்து யாழ்ப்பாணம் 350 கிலோமீற்றருக்கு மேல், ஏழெட்டு மணித்தியாலப் பயணம். நடுவில் புத்தளத்தில் தேத்தண்ணி, வவுனியாவில் சாப்பாடு, முறிகண்டியில் பிள்ளையாருக்குக் கற்பூரம், கச்சான். இறங்கி ஏறும் ஒவ்வொரு தரமும் மறுபடி பார்க்கவேண்டும். முறிகண்டி தாண்டினால் வீடு வந்தமாதிரி ஒரு நினைப்பு எல்லோருக்கும் வரும், அந்த இடத்திலிருந்துதான் பலர் திரும்பப் பூட்டுவதில்லை. கோண்டாவில், உரும்பிராய், புன்னாலைக்கட்டுவன் என்று பலாலி வீதியில் போகும் குறுகிய பயணத்துக்கும் இதே ஒழுங்குதான். மதிலோடு ஒட்டிய ஒழுங்கையிலிருந்து சைக்கிள் குறுக்கே வரும்போது சாரதி அடிக்கும் பிறேக் ஏ9இல் அடிக்கும் பிறேக்கைவிட மெதுவாக இருக்காது.

நித்திரை

களைப்புத்தான் பெல்ற்றின் பெரிய எதிரி. இரவு முழுவதும் நின்று வேலை செய்துவிட்டு வந்தவரைப் படுக்கவேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. படுக்காமல் இருந்தபடி நித்திரை கொள்ளப் பழகவேண்டும்.

ஜன்னல் பக்கச் சீற்றை எடுங்கள். சாய்மானத்தைச் சற்று மட்டும் சாயுங்கள். நன்றாகச் சாய்த்தால் தோள்பட்டி மார்பை விட்டு விலகி அந்தரத்தில் நிற்கும், இடுப்புப் பட்டி வயிற்றில் ஏறும். கோட்டை மடித்து ஜன்னலுக்கும் தலைக்கும் நடுவில் வையுங்கள். கழுத்துத் தலையணை மெல்லியதாக இருக்கட்டும், பின்பக்கம் தடித்தது தலையை முன்னே தள்ளும். பெல்ற்றைப் பூட்டிய பிறகு போர்வையைப் போர்த்துங்கள், பூட்டு வெளியே தெரியட்டும். விமானத்தில் பயணிகளிடம் கேட்பதும் இதைத்தானே. காலை முன் சீற்றுக்கு மேலே தூக்கிப் போடவேண்டாம், அப்படி இருக்கும்போது மோதினால் இடுப்பு மூட்டு கழன்றுபோகும். சப்பாத்தைக் கழற்றினால் கை எட்டும் தூரத்தில் வையுங்கள். உடைந்த கண்ணாடியில் வெறுங்காலோடு இறங்க வேண்டி வரலாம்.

சாரதி

நீங்கள் விடிய நான்கு மணிக்குக் களைத்து ஏறும்போது சாரதி எத்தனை மணியிலிருந்து விழித்திருக்கிறார்? 17 மணித்தியாலம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும் இரத்தத்தில் 0.05 வீதம் மதுசாரம் உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடும். விடிய இரண்டு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் உடம்பு தானாகவே நித்திரையைத் தேடும். 60இல் ஓடும் வான் ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீற்றர் போகும். கண் மூன்று நொடி சொக்கினால் 50 மீற்றர் யாரும் ஓட்டாமல் ஓடியிருக்கும். அந்த 50 மீற்றரில் மாங்குளத்தில் மாடு நிற்கலாம், நொச்சியாகமப் பக்கம் யானை நிற்கலாம்.

விமானப் பணியாளருக்கு ஓய்வு நேரம் விதிப்படி உண்டு. வான் சாரதிக்கு அதைக் கேட்டுக் கொடுக்க யாரும் இல்லை. பகல் முழுவதும் வேறு ஹயர் ஓடியவரை இரவுக்குப் பிடிக்காதீர்கள். நீண்ட பயணத்துக்கு இரண்டாவது சாரதியைக் கேளுங்கள், கூடுதல் காசை எல்லோரும் பங்கிடுங்கள். முன் சீற்றில் இருப்பவர் நித்திரை கொள்ளக்கூடாது. அவருக்கு வேலை இருக்கிறது: கதைப்பது, தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பது, சாரதி கண்ணைக் கசக்கினாலோ வான் வெள்ளைக் கோட்டைத் தொட்டாலோ நிறுத்தச் சொல்வது. இருபது நிமிடம் ஓரமாக நிறுத்திக் கண்ணயர விட்டால் அவர் புது ஆளாக எழும்புவார்.

அப்படியும் ஏதாவது நடந்தால்

பெல்ற் போட்டால் நெருப்பிலும் தண்ணீரிலும் மாட்டிக்கொள்வோம் என்று ஒரு பயம் உண்டு. ஆனையிறவுக் கடலேரியைத் தாண்டும்போது என் அம்மாவும் இதைச் சொல்வார். விமானத்தை 90 நொடிக்குள் காலியாக்கப் பயிற்சி எடுத்தவர்களுக்கு விடை தெரியும். வெளியே வர முதலில் நினைவு இருக்கவேண்டும், கால் உடையாமல் இருக்கவேண்டும். அந்த இரண்டையும் காப்பது பெல்ற். பூட்டைத் திறக்க ஒரு நொடி.

வான் முழுதாக நின்ற பிறகே கழற்றுங்கள், முதல் மோதலுக்குப் பின் இரண்டாவது வரலாம். கவிழ்ந்து தலைகீழாகத் தொங்கினால் ஒரு கையைக் கூரையில் ஊன்றிக்கொண்டு மற்றக் கையால் பொத்தானை அமத்துங்கள். இறங்கியதும் றோட்டை விட்டு விலகி நில்லுங்கள், எச்சரிக்கை விளக்கைப் போடச் சொல்லுங்கள். கழுத்து, முதுகு நோகிறது என்று சொல்பவரை நெருப்போ வாகனமோ வரும் ஆபத்து இல்லையென்றால் அசைக்கவேண்டாம். அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119. இடத்தைச் சொல்ல வீதியோரக் கிலோமீற்றர்க் கல்லைப் பாருங்கள். ஏ9இல் இருட்டில் அதைவிட நல்ல அடையாளம் இல்லை.

பட்டி பதிந்த இடத்தில் கன்றியிருந்தால், குறிப்பாக வயிற்றின் குறுக்கே கன்றலும் நோவும் இருந்தால், நடக்க முடிகிறதே என்று வீட்டுக்குப் போகவேண்டாம். உள்ளே இரத்தம் கசிந்தால் சில மணித்தியாலம் கழித்துத்தான் தெரியவரும். வழியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அநுராதபுரத்திலும் பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன, பலாலிப் பக்கமென்றால் தெல்லிப்பழை கிட்ட. கன்றல் எங்கே என்று வைத்தியரிடம் காட்டிச் சொல்லுங்கள்.

மோதலில் ஒரு தரம் பாரம் தாங்கிய பெல்ற்றைத் திரும்பப் பயன்படுத்தக்கூடாது. பட்டியின் நூல் இழுபட்டிருக்கும், வெளியே பார்க்க நல்லதாகவே தெரியும். வான் கராச்சிலிருந்து தகடு தட்டிப் பெயின்ற் அடித்துத் திரும்பி வரும்போது, ஆட்கள் இருந்த சீற்றுகளின் பெல்ற் மாற்றியாகிவிட்டதா என்று அந்தச் சாரதி அண்ணையிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள்.